ஆரணி கேட்ட கேள்விகள்

"ஜப்பனீஸ் படிச்சு என்ன செய்யப்போறாய்? அங்க இருக்கிற கிழடுகளைக் கழுவித் துடைக்கப் போறியோ?"

நான் சத்தமாகத்தான் கேட்டேன். பின்னால் வரிசையில் நின்ற தாய்மாரில் ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும். பேத்திக்கு அது உறைக்க வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சுபோதினி டீச்சர் பேனையை மூடி வைத்தார்.

ஆரணி என் மகனின் மகள். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. உயர்தரத்தில் எந்தப் பிரிவு, எந்தப் பாடங்கள் என்று பெற்றோருடன் பேசித் தீர்மானிப்பதற்காகப் பாடசாலையில் அன்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மகன் டோஹாவில். மருமகளுக்கு வைத்தியசாலையில் டியூட்டி. ஆகவே நான் வந்தேன். காலையிலிருந்து மண்டபத்தில் காத்திருந்தேன். பெண் பிள்ளைகளின் பாடசாலையில், அத்தனை தாய்மாருக்கு நடுவில், எழும்பி அங்குமிங்கும் போய் எதையும் விசாரிப்பது என் வழக்கமில்லை.

எங்கள் வீட்டில் நான் பொறியியலாளர். மகனும் பொறியியலாளர்.

ஆரணியின் பரீட்சை முடிந்த கிழமையே, பெறுபேறு வருவதற்கு முன்பே, வெள்ளவத்தையில் பெயர்போன இணைந்த கணித மாஸ்டரிடம் முன்வாங்கில் இடம் பிடித்துவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்வார்கள். எங்கள் மாடியில் லிப்ற்றில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் சொல்லியும் ஆயிற்று.

இவளோ கலைப்பிரிவு வேண்டும், அதில் யப்பானிய மொழி வேண்டும் என்று நிற்கிறாள்.

"பிள்ளை ஃபோனைப் பார்த்துத் தானாப் படிச்சு ஒரு சோதினையும் பாஸ் பண்ணியிருக்கு, ஐயா. அப்பிடி ஒரு பிள்ளையை நான் இஞ்ச காணேல்லை" என்றார் டீச்சர்.

"டீச்சர், கிராண்ட்பாஸ் பக்கம் போய்ப் பாருங்கோ. சந்திக்குச் சந்தி ஜப்பனீஸ் கிளாஸ். ஆர் போயினம்? இஞ்ச ஒண்டும் சரிவராத ஆக்கள். இந்தச் சவுந்தரநாயகத்தின்ர பேத்தியும் அந்த வரிசையில நிக்க வேணுமோ?"

கடைசிச் சொல்லில் என் குரல் மண்டபத்தின் மறுபக்கம் வரை போனது.

ஆரணி அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நிமிர்ந்தாள். தோளிலிருந்த புத்தகப் பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடியுங்கோ, அப்பப்பா."

என் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"டீச்சர், கம்பைன்ட் மெத்ஸ் கஷ்டமோ?"

டீச்சர் வியப்புடன் பேனையைத் திறந்தார்.

ஆரணி விடவில்லை. பௌதிகவியலுக்கு யார் படிப்பிக்கிறார்? இரசாயனவியலில் செய்முறை எத்தனை? கொழும்பு மாவட்டத்தில் பொறியியல் கிடைக்க எவ்வளவு இசட் புள்ளி வேண்டும்? ஒரு பதில் முடியுமுன் அடுத்த கேள்வி. நடுநடுவே திரும்பி வரிசையைப் பார்த்தாள்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது. எங்கள் இரத்தம் எங்கே போகும்?

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இந்த அங்கிளும் பிள்ளையும் இண்டைக்கு எழும்பமாட்டினம்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகப் பக்கத்து மேசைக்கு நகர்ந்தார்கள்.

"அப்ப கணிதப் பிரிவு எண்டே போடட்டோ?" டீச்சரின் முகத்தில் வாக்குவாதம் முடிந்த நிம்மதி.

ஆரணி திரும்பிப் பார்த்தாள். இன்னும் இரண்டு தாய்மார் நின்றார்கள்.

"போடுங்கோ டீச்சர்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. "ஆனா இன்னொரு கேள்வி..."

அது அவள் ஏற்கெனவே கேட்ட கேள்வி. இசட் புள்ளி.

வென்றவனுக்குரிய நிதானத்துடன் நான் காலை மாற்றி வைத்தேன். சப்பாத்துக்குள் குளிர்ந்தது. காலுறை ஈரமாக இருந்தது.

பையைச் சற்று உயர்த்திப் பார்த்தேன். சாம்பல் நிறக் களிசான் தொடையிலிருந்து முழங்கால் வரை கறுத்துப்போயிருந்தது. கதிரையின் கீழே, அவள் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில், சீமெந்துத் தரை நனைந்திருந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இப்படித்தான். குரலை உயர்த்தினால் சிறுநீர் தானாகப் போய்விடுகிறது. எனக்குத் தெரிவதும் இல்லை. இது வீட்டில் மருமகள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

ஆரணி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம்தான். மண்டபம் வெறுமையாகிவிடும். அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக்குக் கணிதப் பிரிவும் கிடைத்துவிடும்.

"டீச்சர், அதை வெட்டிப்போட்டு ஜப்பனீஸ் எண்டு எழுதுங்கோ" என்றேன். "பிள்ளை இவ்வளவும் தனக்காகக் கேக்கேல்லை."

"அப்பப்பா, இருங்கோ" என்று ஆரணி மெல்லச் சொன்னாள். அவள் கை என் தோளை அழுத்தியது.

"அப்ப ஆருக்காகக் கேட்டது, ஐயா?"

பையை ஆரணியிடம் கொடுத்துவிட்டு, எழுந்து நின்றேன்.