ஒரு தட்டுத் தள்ளி

போனிலிருந்து அப்பாவின் ஹார்ப் கேட்டது.

அவள் பாடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் நரம்பிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

மொன்றியலில் காலை பதினொரு மணி. ஒலிப்பதிவுக்கூடம். பியானோவின் மேல் போன். மறுமுனையில் வெனிசுவேலா. அங்கே அவள் அப்பா.

ஏழு வருடமாக அவர் அவளோடு பேசவில்லை. நாட்டைவிட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஊர்ப் பாட்டைக் கொண்டுபோய் ஜாஸில் கலந்ததைப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் ஒரு பாட்டா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

இன்று பதிவாவது அவர் போட்ட மெட்டு. சொற்கள் அவளுடையவை. அவரிடம் கேட்காமல் வெளியிட மனம் வரவில்லை. போனை அவர் பக்கத்தில் வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றால் பாட்டையே விட்டுவிடுவதாக இருந்தாள்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ஒவ்வொரு சுரமும் பிந்தி வந்தது. அத்தனை தூரம். பாட்டு ஒரு பக்கம் போனது, ஹார்ப் ஒரு பக்கம் போனது. அவள் இரண்டு இடத்தில் இடறினாள். இன்னும் நாலு வரி இப்படிப் போனால் அவர் எழுந்து போய்விடுவார்.

டிரம்ஸில் குகதாசன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அவளுடைய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது.

அவன் கண்ணை மூடினான்.

"பொறு... கொஞ்சம் பொறு..."

தமிழில், தனக்குத்தானே.

தாளத்தை இழுத்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தான். பாஸ் கிட்டார் வாசித்தவள் அவன் கையைப் பார்த்தபடி கூடவே வந்தாள். பியானோவும் வந்தது.

பிந்தி வந்த சுரம் சரியாக அடுத்த தட்டில் விழுந்தது.

அடுத்ததும்.

அதற்கடுத்ததும்.

அவள் பாடப் பாட, ஒரு தட்டுத் தள்ளி அப்பா பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறந்ததிலிருந்து கேட்ட மெட்டு. இப்படி அவள் கேட்டதில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் வாத்தியங்களிலிருந்து கையெடுத்தார்கள்.

அப்பாவின் கடைசிச் சுரம் அதற்குப் பிறகு வந்தது.

அப்புறம் அவர் குரல்.

"அங்க ஒருத்தர் எனக்காகக் காத்திருந்து வாசிச்சாரே... யாரும்மா அது?"

அவள் போனை எடுத்துக்கொண்டுபோய் குகதாசனின் டிரம் மேல் வைத்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். குச்சிகளைக் கீழே வைத்தான். விரல் நுனியால் மெல்ல மூன்று தட்டு.

பதிலுக்குக் காத்திருந்தான்.