சக்கையில் வெந்த ரொட்டி

நாரின் நகரத்துக் காலை வெயில் தந்தூர் அடுப்பின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறது. பார்லிக் கூழிலிருந்து மக்சிம் பானத்தை வடித்தபின் மிஞ்சும் சக்கை மாட்டுக்குத்தான் போகும். இந்தத் தடவை புருல்கான் அதைக் காயவைத்து அரைத்து, கோதுமை மாவோடு பிசைந்து அடுப்புச் சுவரில் அறைந்திருக்கிறாள். போன தடவை ஒட்டாமல் அத்தனையும் சாம்பலில் விழுந்தது. “என்ன அண்ணி, இனி எங்களுக்கும் மாட்டுக்கும் ஒரே பந்தியா?” என்று சிரிக்கிறான் கொழுந்தன் ஜோமார்த். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். சுவரை விடாமல் பற்றி, செம்பொன்னாக உப்பி நிற்கிறது ரொட்டி. வறுத்த வாதுமையின் மணம் முகத்தில் மோதுகிறது. சுடச்சுடப் பிட்டு வாயில் போட்டவன் சிரிப்பை மறக்கிறான். “இதையா அண்ணி இத்தனை நாளும் மாட்டுக்குப் போட்டோம்?” அவன் ரொட்டிக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் உதிர்ந்த துணுக்குகளையும் விரலால் ஒற்றித் தின்பதைப் புருல்கான் பார்த்தபடியே நிற்கிறாள்.