எரியும் சொட்டு

“ஐயோ, எரியுதே! கண்ணா இது, அடுப்பா? மாப்பிள்ளை, இதை எந்த ஆசிட் ஃபாக்டரியில செஞ்சீங்க?”

இப்படி ஒரு கூச்சலோடு கதையைத் தொடங்கத் துணிந்ததற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எழுதிப் பழகாத கை. அந்த வீட்டில் ஓர் ஆண்டாகக் காலைகள் அப்படித்தான் தொடங்கின என்பதால் வேறு வழி தெரியவில்லை.

கூச்சலிட்டவர் மாமியார். சாப்பாட்டு மேசையருகே தலையை நிமிர்த்தி, இமையை விரலால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சொட்டு விட்டவர் அவருடைய மகள். எதிரே காபி ஆறுவதையும் கவனியாமல் இருந்தவர் மருமகன். அந்தக் கண் மருந்தைக் கண்டுபிடித்து, அதற்காகவே ஒரு சிறு நிறுவனத்தை நடத்துபவர்.

“பார்வை எப்படி இருக்கு அத்தை?” என்று பயந்துகொண்டே கேட்டார்.

மாமியார் அவரை நேருக்கு நேர் உற்றுப் பார்த்தார். “காது ரெண்டும் இருக்கு. மூக்கை இன்னைக்கும் காணோம்.”

விழித்திரை வீங்கியவர்களுக்கு நேராகப் பார்க்கும் இடத்தில்தான் புகை மூடும். அதைக் கலைப்பதற்கான மருந்து அது. மருத்துவமனையில் சோதனை நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். புட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பது முடிவு வரும்வரை நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது. மருந்து தம் மருமகனுடையது என்று அங்கே மூச்சுவிடாமல் மாமியார் தாமாகவே போய் அந்தச் சோதனையில் சேர்ந்துகொண்டார். நிறுவனத்தாரிடம் எதுவும் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் மாமியாரின் வாயை எந்த விதியால் கட்ட முடியும்?

சமையலறைக்குப் போன மனைவியின் பின்னாலேயே மருமகன் போனார்.

“கேட்டியா? இன்னைக்கும் எரியுதுங்கறாங்க. உப்புத் தண்ணி எரியாது. நம்ம மருந்துதான் எரியும். ஆக, அத்தைக்குப் போறது மருந்துதான். ஒரு வருஷமா மருந்து போயும் என் மூக்கைக் காணோம்!”

“எங்கம்மா ஒருத்தங்களை வெச்சு முடிவு பண்ணாதீங்க.”

“தினமும் என் கண்ணு முன்னால நடக்குதே! சாயங்காலம் ரிசல்ட் வரும். மருந்து தோத்துட்டா நம்ம கம்பெனியை ஓசிக்குக்கூட ஒருத்தனும் தொடமாட்டான். பதினோரு மணிக்குப் பெரிய கம்பெனி வக்கீல் வரார். கிடைச்ச விலைக்குக் கொடுத்துட்டு இந்த வீட்டையாவது பேங்க்ல இருந்து மீட்டுக்கலாம்.”

மனைவி அடுப்பை அணைத்தார். அவருக்கும் அம்மாவின் கூச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வக்கீல் சொன்ன நேரத்துக்கு அலுவலகத்துக்கு வந்தார். மருமகன் எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார். பேனா மனைவியின் பக்கம் நகர்ந்தது. கணக்கு வழக்குகளைப் பார்ப்பவரும் பாதிப் பங்குக்கு உரியவரும் அவரே.

“போடும்மா” என்றார் மருமகன்.

“எதுக்குப் போடணும்? மருந்து வேலை செய்யலேன்னு தெரிஞ்சே விக்கிறது ஏமாத்து வேலை. வேலை செய்யுற மருந்தை இந்த விலைக்கு விக்கிறது முட்டாள்தனம். ரெண்டுல எதுக்கு என் கையெழுத்து?”

மருமகனின் முகம் வெளிறியது. வக்கீல் இருமினார்.

“மேடம், சாயங்காலத்துக்கு மேல இந்த விலை இருக்காதுங்க.”

“தெரியும் சார். ஒண்ணு, இதைவிட மேல இருக்கும். இல்லேன்னா விலையே இருக்காது.”

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இருவரும் வீடு திரும்பினார்கள். மாலையில் சோதனையை நடத்திய டாக்டரம்மா தொலைபேசியில் அழைத்தபோது, மருமகன் அதை எடுக்காமல் மனைவியிடம் தள்ளினார். “நீயே கேளு. எனக்குத் தெம்பில்ல.”

மனைவி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“சார் பக்கத்துல இருக்காரா? உட்காரச் சொல்லுங்க. யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பார்த்தாச்சு. மருந்து நல்லா வேலை செய்யுது! மருந்து போட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் எழுத்துப் போர்டுல ரெண்டு மூணு வரி கீழ இறங்கிப் படிக்கிறாங்க!”

மருமகன் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடக்கிவைத்திருந்த மூச்சு பெரிய ஏப்பம்போல வெளியே வந்தது. மனைவி சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார்.

“அப்போ அத்தைக்கு மட்டும் ஏன் கேட்கல?” என்று மருமகன் முனகினார்.

அதற்குள் மாமியாரின் கைபேசி ஒலித்தது. அவர் மூலையில் நின்று, “சரிங்க… ஆமாங்க… சரிங்க” என்று மெல்லிய குரலில் பேசி முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தம் அறைப் பக்கம் நழுவினார்.

“அத்தை! ஆஸ்பத்திரியா? என்ன சொன்னாங்க?”

“அது ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. எனக்குப் போனது வெறும் தண்ணியாம். நாளையிலேர்ந்து நிஜ மருந்து தராங்களாம்.”

“தண்ணியா? அப்போ ஒரு வருஷமா எரியுது எரியுதுன்னு கத்தினது?”

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நிஜ மருந்துன்னா எரியும்னு நீங்கதான் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னீங்க. எனக்கு எரியவே இல்ல. உங்க மருந்து வீட்டு மனுஷிக்கே கிடைக்கலேன்னா வாடிப்போயிடுவீங்களேன்னு… பார்வை தெரியுதுன்னு பொய் சொன்னா, போர்டைக் காட்டிப் படின்னு மடக்கிடுவாங்க. எரியுதுன்னா யாரு கண்டுபிடிக்கப் போறா?”

மாமியாரின் அந்த அன்பை நம்பி மருமகன் அதுவரை இழந்திருந்தவை: பாதி விலைக்குத் தள்ளிவிட்ட புட்டி நிரப்பும் இயந்திரம், கார், வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்ட மூத்த ஆய்வாளர், ஓர் ஆண்டுத் தூக்கம்.