தெரிஞ்ச கடை

"பத்து மணி நேரம் பறந்து வந்தது தக்காளிக் கடையில சாப்பிடவாம்மா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?" என்றாள் அம்மா, நடைபாதையின் நட்ட நடுவில் நின்றுகொண்டு.

சின்னுவுக்குத் தலை சுற்றியது. கோழி பொரித்து விற்கிற அந்தக் கடையின் சிரிக்கிற தக்காளிப் பலகை எந்த நாட்டில்தான் இல்லை? ஊரில் அம்மா வீட்டுத் தெருமுனையிலேயே ஒன்று உண்டு.

"பழைய கோட்டைக்குப் பின்னாடி சந்துல ஒரு கடை இருக்கும்மா. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. அவங்களே சமைச்சு அவங்களே பரிமாறுவாங்க. இந்த ஊரை விட்டா எங்கயும் கிடைக்காது. சாப்பிட்டுட்டு ஆத்துல படகுல போகலாம்."

"கோட்டையை முந்தாநேத்தே பாத்தாச்சு. எல்லாம் கல்லு. படகுல நேத்து வாந்தி எடுத்தாச்சு. சந்துக் கடைக்காரன் தட்டுல என்னத்தை வைப்பான்னே தெரியாது. தக்காளிக் கடைன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

"உனக்கெல்லாம் எதுக்கும்மா பாஸ்போர்ட்டு?"

"உன்னைப் பாக்கத்தான். கோட்டையைப் பாக்கவா வந்தேன்?"

சின்னுவின் பயம் வேறு. எட்டாவது மாடி ஆபீஸ் வேலை போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவள் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தக்காளிக் கடையில் தொப்பி மாட்டிக்கொண்டு கோழி பொரிக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவோ, சொந்தபந்தம் ஒருத்தர் விடாமல் சொல்லிச் சொல்லி, மகளை மேனேஜருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். உண்மை தெரிந்தால் அந்த முகம் என்னவாகும்?

"சரி, வந்து தொலை. ஸ்டேஷன் கிட்ட வேணாம், ஒரே கூட்டம். மியூசியம் பக்கத்துல ஒண்ணு இருக்கு."

மியூசியம் கிளையின் கண்ணாடி வழியாக முதலில் எட்டிப் பார்த்தாள். எல்லாம் புது முகங்கள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

தட்டோடு வந்து உட்கார்ந்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பாரு, தரையைத் துடைச்சிட்டு எச்சரிக்கைப் பலகை வைக்கல. யாராவது வழுக்கி விழுந்தா?"

"நீ சாப்பிட வந்தியா, சோதனை போட வந்தியா?"

"வீட்ல காலை நீட்டிட்டுக் கிடக்கிறவ. கண்ணுல பட்டதைச் சொல்றேன்."

"அப்படியே கிட. போன வருஷம் வேலைக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னியே! அறுபது வயசுல உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

"அதான் நீ விடலையே." அம்மா உருளை வறுவல் ஒன்றைக் கடித்தாள். "உப்பு தூக்கல்... அது போகட்டும். ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள உன் ஆபீஸைக் கண்ணுல காட்டிடுடி. எட்டாவது மாடியில நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

"வெளியாளை எல்லாம் உள்ள விட மாட்டாங்கம்மா."

"பெத்தவ வெளியாளா?"

"அது வந்து..."

அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது. டீட்... டீட்... டீட்...

எண்ணெயில் இருக்கும் கூடையைத் தூக்கு என்று சொல்லும் மணி. எந்தக் கிளையிலும் அதே சத்தம்தான். பத்து நொடி தாமதித்தால் ஒரு கூடைக் கோழியும் கரி.

காது கேட்பதற்கு முன்பே சின்னுவின் கால் எழுந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளி, ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. மாட்டிக்கொண்டோம்! என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி மெல்ல அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

ஸ்வெட்டர் கையை முழங்கை வரைக்கும் மடித்துக்கொண்டு, அம்மா கவுண்டரைத் தாண்டி உள்ளே போகிற கதவில் கையே வைத்துவிட்டிருந்தாள்.

உள்ளே யாரோ கூடையைத் தூக்க, மணி நின்றது. அம்மா அப்படியே நின்றாள். திரும்பினாள். பாதி எழுந்து நிற்கிற மகளை மேலும் கீழும் பார்த்தாள். நிதானமாக வந்து எதிரே உட்கார்ந்து, மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"எனக்குக் காலை ஷிப்ட்டுடி. உனக்கு?"