பழைய பெட்டி போதும்

“இவளுக்கு எதுக்குப் புதுசு? அந்தப் பழைய பெட்டியே போதும்.”

நாலு பேர் நிற்கிற இடம் என்ற கூச்சம்கூட இல்லாமல் மாமியார் இப்படிச் சொன்னதும், கம்ப்யூட்டர் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேஜையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, ஏதோ ஆபீஸில் ஐந்து வருஷம் உழைத்து ஓய்ந்தபின், கழற்றித் துடைத்துச் சரிசெய்து மறுபடி விற்பனைக்கு வந்த டெஸ்க்டாப். பக்கவாட்டில் அந்த ஆபீஸ் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர்கூடப் போகவில்லை. இன்னொன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் புத்தம்புது மினி பிசி.

“அத்தை, திங்கட்கிழமை வேலையில சேரணும். வீட்டுக்கு ப்ளான் வரையற வேலை, நம்ம வீட்ல இருந்தேதான் செய்யணும். அந்த சாஃப்ட்வேரை இந்தப் பழசு தாங்காது” என்றாள் மருமகள் மெதுவாக.

“தாங்கற அளவுக்கு வரை.”

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத ஜாதி. “இல்லம்மா, அவங்க சொல்றது நிஜம். பழசுல நாலு கோடு போடறதுக்குள்ள விடிஞ்சிடும். புதுசு சத்தமே போடாது, கரண்ட்டும் கம்மி. தவிர…”

“நான் உங்ககிட்ட கேட்டேனா தம்பி?”

மனிதர் பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

“என்னம்மா நீ” என்று மகன் குறுக்கே வந்தான். “வேலைக்குப் போறவளுக்குப் புதுசே வாங்கிக் கொடுப்போம். சார், மினி பிசியே போடுங்க. பில்லு என் பேர்ல இருக்கட்டும். அட்டைப்பெட்டியைப் பிரிக்காம அப்படியே குடுங்க.”

கடைக்காரர் உருகிப்போனார். இந்தக் கல்நெஞ்சக்காரியின் வயிற்றில் இப்படி ஒரு பிள்ளையா?

“உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா” என்றார் மருமகளிடம். மாமியார் காதில் நன்றாக விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமியார் அசைந்து கொடுக்கவில்லை. “பணம் குடுக்கறது நான். வாங்கினா பழசு. இல்லேன்னா ஒண்ணுமே வேண்டாம், நடங்க வீட்டுக்கு.”

மகன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய் பைக்கை எடுத்தான். மருமகள் தலையைக் குனிந்தபடி பின்னால் ஏறிக்கொண்டாள். மாமியார் பழசுக்குப் பணத்தைக் கட்டினார்.

“ஓட்டிப் பார்த்து வைங்க. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்.”

அவர் போன பிறகும் கடைக்காரருக்கு ஆறவில்லை. எத்தனையோ கொடுமைக்கார மாமியார்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்காகக் காசு வாங்காமல் இன்னொரு மெமரியாவது போட்டுக் கொடுப்போம் என்று பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மாள் தனியாகத் திரும்பி வந்து நின்றார்.

“தம்பி, அந்த மினி பிசியையும் எடுங்க.”

“மகனுக்கா?” கடைக்காரர் குத்தலாகத்தான் கேட்டார்.

“இல்ல. இந்தப் பழைய பெட்டிக்குள்ள இருக்கறதைக் கழட்டிட்டு, அதை உள்ள வைங்க.”

“எதை?”

“புதுசை.”

கடைக்காரர் திகைத்துப்போனார். இருபது வருஷத் தொழிலில், பழசைத் துடைத்துப் புதுசு என்று தலையில் கட்டப் பார்த்த ஆட்களை நிறையக் கண்டிருக்கிறார். புதுசைப் பழசாக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

“வெளிய இருந்து பார்த்தா தெரியக்கூடாது” என்று அந்த அம்மாள் அடுக்கிக்கொண்டே போனார். “முன்னாடி இருக்கற பட்டனை அமுக்கினா, உள்ள இருக்கற புதுசு ஓடணும். பழைய காத்தாடி கொரகொரன்னு சத்தம் போடுமே, அதை எடுத்துடாதீங்க. அந்த ஸ்டிக்கரும் இருக்கட்டும். தூசியைக்கூட ரொம்பத் துடைக்க வேண்டாம்.”

“செய்யலாம்மா. பட்டன் ஒயரை இழுத்துக் கொடுத்தாப் போதும். ஆனா…” கடைக்காரருக்குச் சந்தேகம் வலுத்தது. “உங்க மருமகளை ஏமாத்தறதுக்கு என்னைக் கூட்டுச் சேர்க்காதீங்க.”

“இது அவ யோசனைதான் தம்பி. காசு ரெண்டு பேரும் சேர்த்தது. கடையில யார் என்ன பேசணும்னு நேத்தே உட்கார்ந்து பேசி வெச்சுட்டோம்.”

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ அவங்க கண் கலங்கினதும் நடிப்பா?”

“அது நடிப்பு இல்ல. நீங்க அவ புருஷனைத் தங்கம்னு சொன்னீங்களே, அதுல வந்தது.”

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “அவரும் புதுசுதானே வாங்கச் சொன்னார்? பேசாம அதையே எடுத்துட்டுப் போயிருக்கலாமே. எதுக்கும்மா இந்தக் கண்ணாமூச்சி?”

அந்த அம்மாள் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு நேரம் கணீரென்று இருந்த குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பழசுன்னா, வித்தா என்ன பெரிசா தேறப்போகுதுன்னு தொடாம விடுவான். அவளுக்குன்னு புதுசா வாங்கின மூணு லேப்டாப்ல ஒண்ணுகூட ஒரு மாசம் வீட்ல தங்கல. எல்லாத்தையும் வித்துச் சூதாடித் தீர்த்துட்டான் தம்பி, நான் பெத்த பிள்ளை.”