வெனிங் வெளியேறினார்

“இழவு விழுந்த மறுநாளே குழுவை விட்டுப் போக எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?”

பள்ளிக்கூட வாசலிலேயே வெனிங்கை மடக்கிக் கேட்டுவிட்டாள் பலூபி.

மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பலூபிதான் தலைவி. மொத்தம் முப்பத்திரண்டு பேர். அதில் ஒருத்தி லஸ்திரி. பிமாவின் அம்மா. அவள் கணவர் மாரடைப்பில் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அடக்கம் அவருடைய சொந்த ஊரான புர்வோரெஜோவில். இவர்கள் இருக்கும் மாலாங்கிலிருந்து ரயிலில் அரை நாள் தூரம் என்பதால் யாரும் போகவில்லை.

ஆனால் குழு சும்மா இருக்கவில்லை. அன்று முழுக்கக் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. பலூபி நீளமாக ஒரு பிரார்த்தனை எழுதினாள். எழுதும்போதே அழுதாள். மூன்று தடவை திருத்தினாள். கறுப்பு ரிப்பன் படம் ஒன்று தயாரித்து, எல்லாரையும் முகப்புப் படத்தை மாற்ற வைத்தாள். மாற்றாத இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

மறுநாள் காலை குழுவில் ஒரே ஒரு வரி. ‘வெனிங் வெளியேறினார்.’

“ஃபோனைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு பார்த்தேன்க்கா,” என்றாள் வெனிங்.

“குறைக்கிறதுக்கு இந்த நேரந்தான் கிடைச்சுதா? போட்டது ஒரு கும்பிடு. அதோட ஆளக் காணோம். பிமா அம்மா பார்த்தா என்ன நினைப்பா?”

வெனிங் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டாள்.

“இப்ப இதுதான்க்கா ஃபேஷன்,” என்றாள் பக்கத்தில் நின்றவள். “ஃபோனைத் தொடமாட்டேன்னு சொன்னா பெரிய மனுஷியாம்.”

பலூபிக்கு மனசு ஆறவில்லை.

லஸ்திரி ஊரிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகியிருந்தது. பிமா பள்ளிக்கு வர ஆரம்பித்துவிட்டான். ‘பாவம், கொஞ்ச நாள் தனியாக இருக்கட்டும். போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம்’ என்று குழுவில் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஆனாலும் இந்த வெனிங் செய்த காரியத்தால் அவள் மனம் நொந்திருந்தால்? ஒரு எட்டுப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வரலாமே.

அடுக்கு கேக் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அன்று மதியமே கிளம்பினாள்.

லஸ்திரி வீட்டுக் கதவைத் திறந்தது வெனிங். கையில் கரண்டி.

“வாங்கக்கா. பிமா அம்மா குளிக்கிறாங்க. உட்காருங்க, கஞ்சி அடிப்பிடிச்சிடும்.”

பலூபி பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

“நீ இங்க என்ன பண்றே?”

“தினமும் வருவேன்க்கா. அவங்க திரும்பி வந்த நாள்லேர்ந்து.”

“அதை வாசல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே?”

வெனிங் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“சொல்லிக்கிற மாதிரி இல்லக்கா. போன மாசம் ஸ்கூல் வாசல்ல பிமா அம்மா என்கிட்ட வந்து, ‘அவருக்கு அடிக்கடி நெஞ்சு பாரமா இருக்குங்குறார், பயமா இருக்கு’ன்னாங்க. நான் யாரோ போட்ட பிறந்த நாள் கேக்குக்கு இதயம் அனுப்பிட்டிருந்தேன். தலையே நிமிரல. ‘ம், சரியாயிடும்’னேன். அவங்க கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க.”

வெனிங் அடுப்பைக் குறைத்தாள்.

“அவர் செத்துட்டார்னு குழுவுல வந்தப்ப நானும் கும்பிடு போட்டேன். அடுத்த நிமிஷம் பார்த்தா செருப்பு விலை பார்த்துட்டிருக்கேன். என் விரல் தானா அங்க போயிருக்கு. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பா போச்சு. அதான் வெளிய வந்துட்டேன். ஃபோன் இருக்கு, வேணும்னா பேசுவேன். யாரையாவது பார்க்கப் போனா மட்டும் வண்டி சீட்டுக்கு அடியில வெச்சுப் பூட்டிட்டு வந்துடுறேன்.”

பலூபி தன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். பைக்குள் போட்டாள்.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு லஸ்திரி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பலூபியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“பலூபிக்கா. நீங்களா? உட்காருங்கக்கா.”

பலூபிக்கு எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேக் பெட்டியை நீட்டினாள். அதற்குப் பிறகும் தெரியவில்லை.

“நான்... உனக்காக ஒண்ணு எழுதியிருந்தேனே, பார்த்தியாம்மா?”

“எதுலக்கா?”

“குழுவுல. எல்லாருமே எழுதியிருந்தாங்க.”

“அப்படியா?” லஸ்திரி கூச்சத்தோடு சிரித்தாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. அவர் போன அன்னிக்கு அணைச்சு வெச்ச ஃபோனு. இன்னும் எடுக்கவே இல்ல.”

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பலூபியின் முழங்காலில் முழங்கால் படும்படி எதிரே உட்கார்ந்தாள்.

“அதான் நேர்லயே வந்துட்டீங்களேக்கா. என்ன எழுதியிருந்தீங்க? சொல்லுங்க.”

பலூபி வாயைத் திறந்தாள். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.