போகாத சாயம்

"தேய்க்காதம்மா, எரியுது!"

மிமோசா கத்தினாள். பொலிக்சேனி விடவில்லை. சோப்பு, வினிகர், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. மகளின் உள்ளங்கையில் ஒரு முட்டை அளவுக்குச் சிவப்பு அப்படியே இருந்தது.

"போகுமா அது? கம்பளிக்குப் போடற சாயமாச்சே!" சொதீர் மனைவியை முறைத்தான். "இந்த வருஷம் வேண்டாம், வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"ஒரே ஒரு சிவப்பு முட்டைங்க. ஈஸ்டருக்கு அதுகூட இல்லேன்னா எப்படி?"

"அந்த ஒண்ணு போதும், நம்மள மலைக்காட்டுக்கு அனுப்ப!"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. கடவுளே இல்லை என்று சட்டம் போட்டுவிட்ட அல்பேனியாவில் இருந்தார்கள் அவர்கள். கோர்ச்சா ஊரில் அவர்களுடைய சர்ச் இப்போது விளையாட்டுக்கூடம். ஈஸ்டர் முட்டைக்குப் போடும் சிவப்புச் சாயம் கடைக்கு வருவதே நின்றுபோனது. அதனால்தான் பொலிக்சேனி, தான் வேலை பார்க்கும் கம்பளி ஆலையிலிருந்து ஒரு சிட்டிகை சாயத்தைக் கைக்குட்டையில் முடிந்து மறைத்துக் கொண்டுவந்தாள்.

போன ஈஸ்டரின்போது எதிர்வீட்டுக் குப்பையில் சிவப்பு முட்டை ஓடு கிடந்தது. அந்தக் குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பவில்லை.

இவர்கள் முட்டை ஓட்டை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க மிமோசா முட்டையைத் தரவே மாட்டேன் என்று கைக்குள் பொத்திக்கொண்டே தூங்கியிருந்தாள். அதை யார் யோசித்தார்கள்?

"இன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பாம விட்டா?"

"ஈஸ்டருக்கு மறுநாள் வராத பிள்ளைங்க வீட்டுக்குத்தான் அவங்க முதல்ல வருவாங்க. தெரியாதா உனக்கு?"

பொலிக்சேனி மகளின் கையில் ஒரு துணியைச் சுற்றினாள். "யார் கேட்டாலும் சுடுதண்ணி பட்டுடுச்சுன்னு சொல்லு, என்ன?"

"பொய் சொல்லக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

பொலிக்சேனி துணியின் முடிச்சை இறுக்கினாள்.

பள்ளி வாசலில் ஒலிம்பி டீச்சர் நின்றிருந்தாள். பெற்றோர்களே நடுங்குகிற கம்யூனிஸ்ட் கட்சிக்காரி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெயில் வந்த பிறகும் கனமான கோட்டு. அதன் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு போலீஸ் தோரணையில் நின்றாள்.

"கையில என்ன கட்டு?"

"சுடுதண்ணி, தோழர்..." பொலிக்சேனி முந்திக்கொண்டாள்.

"உங்களைக் கேக்கலை. மிமோசா, அவிழ்."

சிறுமி அவிழ்த்தாள். டீச்சர் குனிந்து பார்த்தாள்.

"நீ உள்ளே போ," என்றாள் டீச்சர். பிறகு பொலிக்சேனியைப் பார்த்து, "நீங்க வேலைக்குப் போங்க. மத்தியானம் பிள்ளைங்க கையைப் பார்க்க ஆபீசர் வர்றார்."

அவ்வளவுதான். முடிந்தது கதை.

ஆலையில் பொலிக்சேனியின் கையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே ஆபீசரின் பச்சை ஜீப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது.

'என் பிள்ளை அங்கே மாட்டிக்கிட்டு முழிக்கும். நான் எனக்குத் தெரியாதுன்னு இங்கேயே நிக்கிறதா? இயேசுவையே தெரியாதுன்னு சொன்ன பேதுரு மாதிரி, சேவல் கூவின பிறகு அழறதுக்கா?'

வாயை மூடிக்கொண்டு, நாக்கின் நுனியால் அண்ணத்தில் சிலுவை போட்டாள். கையால் போட முடிந்த காலமா அது? 'ஆண்டவரே, கூட வாங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எந்திரத்தை ஓடவிட்டபடியே ஓடினாள்.

பள்ளி முற்றத்தில் ஆபீசர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சின்னக் கை சிவப்பாகப் பதிந்திருந்தது.

"என்ன தோழர் இது? கையைப் பார்க்க வந்தா ஒரு வகுப்பே கையில பெயின்ட்டோட நிக்குது!"

"மே தினத்துக்கு பேனர் பண்றோம் தோழர்," என்றாள் ஒலிம்பி டீச்சர். "ஏன், சிவப்பு உங்களுக்குப் பிடிக்காதா?"

"சேச்சே! யார் சொன்னது?" ஆபீசர் அவசரமாகக் கைக்குட்டையை உள்ளே வைத்தார்.

"ஐயா, நான்தான்..." என்று பொலிக்சேனி வாயைத் திறந்தாள்.

"வேலை நேரத்துல இங்கே என்ன சுத்தறீங்க?" டீச்சர் சீறினாள். "ஆலைக்குச் சொல்லி அனுப்பட்டுமா? கிளம்புங்க முதல்ல!"

ஜீப் போய்விட்டது. பொலிக்சேனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லலாம் என்று திரும்பினால், டீச்சர் அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மிமோசா முழங்கை வரை சிவப்போடு குதித்துக்கொண்டு வந்தாள். "எல்லாரும் பெயின்ட்ல கையை முக்கித் துணியில வச்சோம்! டீச்சர் முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க!"

சொதீர் மகளைத் தூக்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை. அந்த ராட்சசி உன் கையை நல்லாப் பார்த்தாளே! காட்டிக்கொடுத்திருந்தா அவளுக்குப் பதவி உயர்வே கிடைச்சிருக்கும். நம்ம மேல அவளுக்கு என்ன கரிசனம்?"

மிமோசா அப்பாவின் கன்னத்தில் ஒரு சிவப்புக் கையைப் பதித்தாள்.

"அப்பா, டீச்சர் கோட்டுப் பையிலேர்ந்து கையை வெளியே எடுத்தாங்களா, அப்பவே அவங்க விரலெல்லாம் சிவப்பா இருந்துச்சுப்பா. பெயின்ட் டப்பாவை இன்னும் திறக்கவே இல்லையே?"